மார்பக அழகுச் சத்திரசிகிச்சைக்கு விறைப்பூசியா, முழு மயக்கமா?

உப்புவெளியைச் சேர்ந்த 34 வயதுச் சகோதரி ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. இரண்டு பிள்ளைகளுக்குப் பாலூட்டி முடித்த பின்னர் மார்பகங்கள் வற்றித் தளர்ந்துவிட்டன. சிலிக்கோன் பை வைத்துச் சீராக்கிக்கொள்ள விரும்புகிறார். கொழும்பில் இரண்டு இடங்களில் விசாரித்திருக்கிறார். அழகுச் சிகிச்சை நிலையம் ஒன்றில், விறைப்பூசி போட்டு இலேசாகத் தூங்க வைத்துச் செய்துவிடலாம், அன்று மாலையே திருகோணமலைக்குப் புறப்படலாம் என்றிருக்கிறார்கள். மற்ற இடத்தில் பார்த்த பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரோ, முழு மயக்கம் இல்லாமல் தாம் செய்வதில்லை என்றிருக்கிறார். இரண்டாவது பிள்ளை முதுகில் ஊசி போட்டுச் செய்த சிசேரியனில் பிறந்தது. அதே ஊசியை இதற்கும் போட முடியாதா என்று கேட்கிறார். சிறு வயது முதல் முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உண்டு, இன்ஹேலர் பாவிக்கிறார். எடை 52 கிலோகிராம். முழு மயக்கம் கொடுத்தால் மகள் எழும்பாமல் போய்விடுவாளோ என்று தாயார் பயப்படுகிறார்.

மயக்க மருந்துத் துறையில் நீண்ட காலம் பணியாற்றியவள் என்ற முறையில் என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் சிலிக்கோன் பை வைக்கும் சத்திரசிகிச்சைக்கு, தகுதி பெற்ற மயக்க மருந்து வைத்திய நிபுணர் ஒருவர் தொடக்கம் முதல் முடிவு வரை உடனிருந்து தரும் முழு மயக்கமே உங்களுக்குப் பொருத்தமானது. விறைப்பூசி தாழ்ந்த முறை என்பதால் இதைச் சொல்லவில்லை. சிறிய வேலைகளுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. அவ்வளவு பெரிய இடத்தை விறைக்கச் செய்யத் தேவைப்படும் மருந்தின் அளவுக்கும் 52 கிலோ உடல் தாங்கக்கூடிய அளவுக்கும் இடையில் மிகக் குறுகிய இடைவெளியே இருக்கிறது என்பதும், அந்த இடைவெளியை நிரப்புவதற்குத் தரப்படும் "இலேசான தூக்கம்" பல நேரங்களில் இலேசாகவே நின்றுவிடுவதில்லை என்பதும்தான் காரணம்.

இங்கே பேசப்படுவன இரண்டு முறைகள் அல்ல, மூன்று. விறைப்பூசி என்பது மருந்து செலுத்தப்பட்ட இடத்தின் நரம்புகளை மட்டும் மரத்துப் போகச் செய்வது. பல் பிடுங்கும்போது போடுவது இதுதான், நீங்கள் முழு விழிப்புடன் இருப்பீர்கள். முழு மயக்கத்தில் நினைவும் வலியுணர்வும் முற்றாக நிறுத்தப்படுகின்றன. மூச்சுப் பாதையை ஒரு குழாய் காக்கிறது. தேவைப்பட்டால் இயந்திரம் மூச்சை நடத்துகிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் அந்த நிலையம் உங்களுக்குச் சொன்ன அரை மயக்கம். நாளத்தின் வழியாக மிடசோலம், ஃபென்டனில், புரோபோஃபோல் போன்ற மருந்துகளைச் சிறிது சிறிதாகக் கொடுத்துக் கண்ணயர வைப்பார்கள். இந்த நடு நிலைக்குத் தெளிவான எல்லைக் கோடு கிடையாது. கூப்பிட்டால் பதில் சொல்லும் நிலையில் இருப்பவர் இன்னும் சிறிதளவு மருந்து ஏறியதும் கூப்பிட்டாலும் அசையாத நிலைக்குப் போவார். அதற்கும் அப்பால் நாக்கு பின்புறம் சரிந்து மூச்சு அடைபடும். வெட்டும் இடத்தில் விறைப்பு போதாமல் நோயாளி முனகத் தொடங்கினால் சத்திரசிகிச்சை செய்பவர் இயல்பாகவே "இன்னும் கொஞ்சம் கொடுங்கள்" என்பார். இப்படி இரண்டு மூன்று முறை நடந்தால், பெயரளவில் அரை மயக்கமாகத் தொடங்கியது, மூச்சுக் குழாயும் உரிய ஆளும் இல்லாத முழு மயக்கமாக முடிந்துவிடும். நான் அஞ்சுவது இதற்கு மட்டுமே.

இப்போது மருந்தின் கணக்கைப் பார்ப்போம். விறைப்பூசிக்கு நம் நாட்டில் மிகுதியாகப் பாவிக்கப்படும் மருந்து லிக்னோகெயின். அட்ரினலின் கலக்காமல் போடும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறத்தாழ 4.5 மில்லிகிராம், அட்ரினலின் கலந்து போடும்போது 7 மில்லிகிராம் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட உச்ச அளவு. அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி மருந்து இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்துவதால்தான் இந்த வேறுபாடு. உங்கள் எடைக்கு அட்ரினலினுடன் 364 மில்லிகிராம் வரை போடலாம். ஒரு சதவீத மருந்தின் ஒவ்வொரு மில்லிலீற்றரிலும் 10 மில்லிகிராம் இருப்பதால், மொத்தம் 36 மில்லிலீற்றர், அதாவது பக்கத்துக்கு 18 மில்லிலீற்றர் மட்டுமே. இரண்டு சதவீத மருந்தாயின் இதிலும் பாதி. மார்பகத்தின் முழு அடிப்பரப்பையும், வெட்டுக் கோட்டையும், பை உட்காரும் இடத்தையும் இவ்வளவைக் கொண்டு நன்றாக விறைக்கச் செய்வது மிகக் கடினம். மருந்தை ஐதாக்கினால் கனவளவு கூடும். ஆனால் விறைப்பின் ஆழமும் உறுதியும் குறையும்.

மார்பகத்தின் நரம்பு அமைப்பும் இதற்கு உதவுவதாக இல்லை. இரண்டாவது முதல் ஆறாவது வரையான விலாவிடை நரம்புகள் பக்கவாட்டிலிருந்தும் நடு நெஞ்சிலிருந்தும் கிளைகளை அனுப்புகின்றன. மேற்பகுதிக்குக் கழுத்திலிருந்து வரும் நரம்புகள் உணர்வைத் தருகின்றன. கீழே இருக்கும் நெஞ்சுத் தசைக்குத் தனி நரம்புகள் உண்டு. முலைக்காம்புக்கு நான்காவது விலாவிடை நரம்பே முதன்மையானது. ஆகவே காம்பை மட்டும் விறைக்க வைப்பது எளிது, முழு மார்பகத்தையும் விறைக்க வைப்பது வேறு வேலை. சிலிக்கோன் பையைச் சுரப்பிக்குக் கீழே, தசைக்கு மேலே வைப்பதாயின் விறைப்பும் அரை மயக்கமும் கொண்டு சமாளிப்பவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். பெரிய நெஞ்சுத் தசையைத் தூக்கி அதன் கீழே வைப்பதாயின் தசை தளர்ந்திருக்க வேண்டும். விழித்திருப்பவரின் தசை தானாக இறுகும், இழுக்கும்போது ஆழமான வலியும் வரும். உங்களைப் போல் மார்பகத் திசு வற்றி மெலிந்தவர்களுக்கு, பையின் விளிம்பு வெளியே தெரியாமல் இருக்கும் பொருட்டுத் தசைக்குக் கீழே வைப்பதையே பல நிபுணர்கள் விரும்புகிறார்கள். எங்கே வைக்கப் போகிறார்கள் என்று இரண்டு இடத்திலும் கேட்டீர்களா என்பது உங்கள் குறிப்பிலிருந்து தெரியவில்லை. அதைக் கேட்காமல் மயக்கத்தைப் பற்றி முடிவெடுக்க முடியாது.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். தளர்வு அதிகமாகி, முலைக்காம்பு மார்பகத்தின் கீழ் மடிப்பு மட்டத்துக்குக் கீழே இறங்கியிருந்தால், பை வைப்பது மட்டும் போதாது. தோலை எடுத்து மார்பகத்தை மேலே தூக்கும் வேலையும் சேரும். ஒன்றரை மணித்தியால வேலை மூன்று மணித்தியாலத்துக்கும் மேலாக நீளும். அப்போது விறைப்பூசி என்ற பேச்சுக்கே இடமில்லை.

அளவு மீறினால் என்ன நடக்கும் என்பதையும் அறிந்து வைத்திருப்பது நல்லது. இரத்தத்தில் விறைப்பு மருந்து கூடும்போது முதலில் உதட்டைச் சுற்றியும் நாக்கிலும் மரமரப்பு, வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், தலைச்சுற்று, காரணமில்லாத பதற்றம் ஆகியன தோன்றலாம்; பின்னர் வலிப்பு வரலாம்; இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடவும் கூடும். நீண்ட நேரம் நிற்க வேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்படும் புபிவக்கெயின் இதயத்துக்கு லிக்னோகெயினை விடக் கடுமையானது. இதற்கு முறிவு மருந்து இருக்கிறது: 20 சதவீதக் கொழுப்புக் குழம்பை நாளத்தில் ஏற்ற வேண்டும். முதல் தவணை கிலோவுக்கு 1.5 மில்லிலீற்றர், உங்கள் எடைக்கு 78 மில்லிலீற்றர். அது அலமாரியில் இருக்க வேண்டும், எங்கே இருக்கிறது என்று அங்குள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். முழு விழிப்பில் இருப்பவர் "வாய் ஒரு மாதிரி இருக்கிறது" என்று சொல்லிவிடுவார். அதுவே முதல் எச்சரிக்கை. அரை மயக்கத்தில் கிடப்பவர் அதைச் சொல்லமாட்டார். விறைப்பூசி, அரை மயக்கம் என்ற இரண்டு "இலேசான" முறைகளும் சேரும்போது ஒன்றின் எச்சரிக்கையை மற்றது மறைத்துவிடுகிறது.

"நாங்கள் மிகவும் ஐதாக்கிய மருந்தைத்தான் நிறைய ஏற்றுவோம், அதில் ஆபத்தில்லை" என்று அந்த நிலையம் சொல்லலாம். அப்படி ஒரு முறை உண்மையில் இருக்கிறது. 1980களின் பிற்பாதியில் அமெரிக்கத் தோல் வைத்தியர் ஜெஃப்ரி கிளைன், கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சைக்காக இதை முன்வைத்தார். ஒரு லீற்றர் உப்பு நீரில் சிறிதளவு லிக்னோகெயினும் அட்ரினலினும் கலந்து தோலுக்குக் கீழுள்ள கொழுப்பில் ஏற்றும்போது, மருந்து மெதுவாகவே இரத்தத்தில் கலப்பதால், கிலோவுக்கு 35 மில்லிகிராம் வரை தாங்க முடிகிறது என்று அவர் 1990 இல் எழுதினார். அது கொழுப்புறிஞ்சலுக்கான கணக்கு. ஏற்றிய திரவத்தில் ஒரு பகுதி கொழுப்போடு வெளியே உறிஞ்சப்பட்டும் விடுகிறது. சிலிக்கோன் பை வைக்கும்போது அப்படி எதுவும் உறிஞ்சப்படுவதில்லை. அந்த அளவை அப்படியே மார்பகத்துக்குப் பொருத்துவது சரியல்ல.

திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இதில் தனியாக ஒரு விடயம் உண்டு. இவ்வாறு ஐதாக்கி ஏற்றிய மருந்து இரத்தத்தில் உச்சத்தை எட்டுவது உடனடியாக அல்ல. ஏறத்தாழ 12 மணித்தியாலம் கழித்தே. காலை 10 மணிக்கு ஏற்றினால் இரவு 10 மணிக்கு. மாலையில் கொழும்பில் வாகனம் ஏறியவர் அந்நேரம் ஹபரணையைத் தாண்டிக் காட்டுப் பாதையில், யானை நிற்கிறதா என்று சாரதி பார்த்துப் பார்த்து ஓட்டும் இடத்தில் இருப்பார். பின் இருக்கையில் சாய்ந்திருப்பவரின் நாக்கு மரத்துக் கை நடுங்கினால் அது பயணக் களைப்பா, மருந்தின் நச்சா என்று யார் பிரித்தறிவது? கொழும்பு வாசிக்குப் பொருந்தக்கூடிய "அன்றே வீட்டுக்கு" என்ற சலுகை, 260 கிலோமீற்றர் தொலைவில் வீடு உள்ளவருக்குச் சலுகையே அல்ல.

ஊசியின் நுனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெஞ்சுக் கூட்டின் மேல் பல இடங்களில் குத்தி மருந்து ஏற்றும்போது, விலா எலும்புகளுக்கிடையில் ஊசி ஆழமாகப் போனால் நுரையீரல் உறையைத் துளைத்துக் காற்று கசியலாம். மார்பகம் பெரிதாக்கும் சத்திரசிகிச்சையில் நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுவதற்கு அறியப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. மெலிந்த உடலுள்ளவர்களுக்கு தோலுக்கும் நுரையீரலுக்கும் இடையில் இருக்கும் தடிப்பு சில சென்ரிமீற்றரே.

இவ்வளவும் சொன்னபின் விறைப்பூசியே நல்லது என்று நான் தயங்காமல் சொல்லக்கூடிய வேலைகளையும் சொல்லவேண்டும். உட்குழிந்த முலைக்காம்பை வெளியே கொண்டுவருதல், காம்பைச் சூழ்ந்த கரும்பகுதியைச் சிறிதாக்குதல், பழைய சத்திரசிகிச்சைத் தழும்பைத் திருத்துதல், அக்குளில் வளரும் சிறிய மேலதிக மார்பகத் திசுவை எடுத்தல், சிறிய கட்டி ஒன்றை அகற்றுதல் ஆகியவற்றுக்குச் சில மில்லிலீற்றர் மருந்து போதும். வேலை முடிந்ததும் எழுந்து ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போகலாம். ஆண்களுக்கு மார்பு பெரிதாவதைச் சீர் செய்வதையும், அளவு சிறிதாயின், இம்முறையில் செய்ய முடியும். இந்தக் குறையோடு வந்து வெட்கத்தில் பேசாமல் நிற்கும் இளைஞர்கள் நம் ஊரிலும் குறைவில்லை. இவற்றுக்கெல்லாம் முழு மயக்கம் கொடுப்பேன் என்று எவராவது சொன்னால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

முதுகில் போடும் ஊசியைப் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது; சிசேரியன் செய்துகொண்ட பெண்கள் பலரும் இதைக் கேட்பார்கள். அந்த ஊசி இடுப்புப் பகுதியில், முள்ளந்தண்டு வடம் முடிந்த பின்னுள்ள திரவத்தில் போடப்படுகிறது. விறைப்பு காலிலிருந்து மேலேறி, சிசேரியனுக்கு முலைக்காம்பு மட்டம் வரை வந்தால் போதுமானது. மார்பகம் முழுவதும் விறைக்க வேண்டுமானால் அது கழுத்தெலும்புக்கு அருகே வரை ஏற வேண்டும். இதயத் துடிப்பை வேகப்படுத்தும் நரம்புகள் நெஞ்சின் மேற்பகுதியிலுள்ள முதல் நான்கு மட்டங்களிலிருந்துதான் புறப்படுகின்றன. விறைப்பு அங்கே போனால் துடிப்பும் இரத்த அழுத்தமும் சரியும், விலாத் தசைகள் தளர்ந்து மூச்சு விடுவது சிரமமாகும். முட்டு வருத்தம் உள்ளவர் ஒருவர் விழித்தபடி அந்த நிலையில் படுத்திருப்பதை நான் விரும்பமாட்டேன். முதுகின் மேற்பகுதியில் ஊசி போட்டு மார்பகத்துக்கு மட்டும் விறைப்பு கொடுக்கும் முறைகளும் உள்ளன. ஆயினும் அவை முழு மயக்கம் தாங்க முடியாத நிலையில் உள்ள நோயாளிகளுக்காகத் தேர்ந்த கைகள் கையாளும் வழிகள். நல்ல உடல்நிலையிலுள்ள 34 வயதுப் பெண்ணுக்கு அழகுக்காகச் செய்யும் வேலைக்கு அந்தச் சிக்கல் வேண்டியதில்லை.

முட்டு வருத்தம் இருப்பதால் முழு மயக்கம் கூடாது என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருப்பதாகத் தெரிகிறது. கட்டுப்பாட்டில் இருக்கும் முட்டு வருத்தம் முழு மயக்கத்துக்குத் தடையல்ல. மூச்சாக உள்ளிழுக்கப்படும் செவோஃபுளூரேன் என்ற மயக்க மருந்து மூச்சுக் குழல்களை விரிக்கும் தன்மையுள்ளது. மூச்சுக் குழலுக்குள் போகும் குழாய்க்குப் பதிலாகத் தொண்டையின் வாயிலில் மட்டும் உட்காரும் மென்மையான கவசக் குழாயைப் பாவித்தால் இழுப்பைத் தூண்டும் உறுத்தல் குறையும். எது பொருத்தம் என்பதை வேலையின் நீளமும் தசையைத் தளர்த்த வேண்டிய தேவையும் தீர்மானிக்கும். உங்கள் மயக்க மருந்து வைத்தியர் கேட்கப் போவது வேறு: இரவில் இருமி எழும்புகிறீர்களா, நீல இன்ஹேலரை வாரத்தில் எத்தனை முறை இழுக்கிறீர்கள், கடைசியாக எப்போது வைத்தியசாலையில் ஆவி பிடித்தீர்கள், எந்த வலி மாத்திரை இழுப்பைக் கிளப்புகிறது என்பவை. சத்திரசிகிச்சைக்கு முந்தைய வாரங்களில் தடிமன், காய்ச்சல், சளி வந்திருந்தால் ஒத்திவைப்பதே முறை. மாரி மழைக் காலமான மார்கழி, தை மாதங்களில் நாள் குறித்திருந்தால் இதை நினைவில் வைத்திருங்கள்.

முழு மயக்கம் என்றால் விறைப்பூசி இல்லை என்றும் எண்ண வேண்டாம். மயக்கத்தில் ஆழ்ந்த பின்னர், ஸ்கேன் கருவியில் பார்த்தபடி நெஞ்சுத் தசைகளுக்கிடையில் விறைப்பு மருந்தைச் செலுத்தி அந்த நரம்புகளை மரக்கச் செய்யும் முறையை ஸ்பெயினைச் சேர்ந்த ரஃபாயெல் பிளாங்கோ 2011 இல் விவரித்தார். இன்று மார்பகச் சத்திரசிகிச்சைகளில் இது பரவலாகக் கையாளப்படுகிறது. ஊசி எங்கே போகிறது என்று திரையில் தெரிவதால் நுரையீரலைக் குத்தும் ஆபத்து குறைவு. அளவான மருந்து போதும். கண் விழிக்கும்போது வலி அடங்கியிருக்கும். மோர்ஃபின் வகை மருந்துகளும் குறைவாகவே தேவைப்படும். உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். அந்த நிபுணரின் குழுவில் இதைச் செய்பவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் வெட்டுக் கோட்டில் சத்திரசிகிச்சை வைத்தியரே போடும் விறைப்பு மருந்தும் ஓரளவு உதவும்.

உங்கள் அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். வேறு நோய்கள் இல்லாத ஒருவருக்கு, திட்டமிட்ட சத்திரசிகிச்சையில், முழு மயக்கத்தின் காரணமாகவே உயிர் போவது ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒன்று என்ற அளவிலேயே பிரிட்டனில் கணிக்கப்படுகிறது. மயக்க வேளையில் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வருவது பத்தாயிரத்தில் ஒன்று என்று அங்கே 2018 இல் வெளியான தேசிய ஆய்வு கண்டது. நடுவில் நினைவு திரும்பியதாக நோயாளி பின்னர் சொன்ன சம்பவங்கள் சுமார் பத்தொன்பதாயிரத்தில் ஒன்று என்பது 2014 இன் கணக்கு. இவை நல்ல கண்காணிப்பு உள்ள இடங்களின் எண்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆளும் கருவியும் இல்லாத இடத்துக்கு எந்த எண்ணும் உத்தரவாதம் தராது, அங்கே விறைப்பூசியும் பாதுகாப்பானதல்ல. அம்மாவுக்கு இன்னொரு செய்தியும் சொல்லலாம். நம்பகமான பதிவுள்ள முதல் முழு மயக்கச் சத்திரசிகிச்சையே மார்பகத்தில் செய்யப்பட்டதுதான். 1804 ஒக்ரோபரில் ஜப்பானிய வைத்தியர் ஹனோகா செய்ஷூ, ஊமத்தை முதலான மூலிகைகளைக் கலந்து காய்ச்சிய மருந்தைக் குடிக்கக் கொடுத்து, 60 வயதுப் பெண்ணின் மார்பகப் புற்றுக் கட்டியை அகற்றினார். அந்த மருந்தில் அளவைக் கூட்டிக் குறைக்க வழியில்லை, தெளிய மணிக்கணக்காகும். இன்றைய மருந்துகளை நிறுத்தினால் சில நிமிடங்களில் நோயாளி கண் திறக்கிறார்.

முழு மயக்கத்தின் உண்மையான தொல்லை, என் அனுபவத்தில், வாந்தி. பெண்ணாயிருத்தல், புகைபிடிக்காதிருத்தல், பயண வாந்தியோ முன்னர் மயக்கத்துக்குப் பின் வாந்தியோ எடுத்த வரலாறு, சத்திரசிகிச்சைக்குப் பின் மோர்ஃபின் வகை மருந்து தேவைப்படுதல் என்ற நான்கு காரணங்களை 1999 இல் ஜேர்மன் வைத்தியர் அப்ஃபெல் தொகுத்தார். தடுப்பு மருந்து கொடுக்காவிட்டால், இவற்றில் இரண்டு இருப்பவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கும், மூன்று இருப்பவர்களில் 60 பேருக்கும், நான்கும் இருப்பவர்களில் 80 பேருக்கும் குமட்டலோ வாந்தியோ வருகிறது. கண்டி வளைவுகளில் பஸ்ஸில் உங்களுக்கு வயிறு புரட்டுமானால் அதை வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். புரோபோஃபோலை மட்டும் கொண்டு மயக்கத்தை நடத்துவது, தொடக்கத்திலேயே டெக்சாமெதசோனும் முடிவில் ஒன்டான்செட்ரோனும் கொடுப்பது என்று வழிகள் உண்டு. வாந்திக்கு முக்கும்போது நெஞ்சில் அழுத்தம் ஏறி இரத்தக் கசிவு தூண்டப்படலாம் என்பதால் மார்பக வேலையில் இது வெறும் அசௌகரியம் மட்டுமல்ல.

விழித்திருந்தால் எழுந்து உட்கார்ந்து கண்ணாடியில் பார்த்து அளவைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற கவர்ச்சியும் சொல்லப்படுகிறது. பாதி விறைத்து, பாதி மயங்கி, மருந்து நீரால் வீங்கிய மார்பகத்தைப் பார்த்து எடுக்கும் முடிவில் எவ்வளவு தெளிவு இருக்கும்? அளவு முன்கூட்டியே, ஆடையோடும் மாதிரிப் பைகளோடும் பார்த்துத் தீர்மானிக்கப்பட வேண்டியது. முழு மயக்கத்திலும் மேசையைச் சாய்த்து நோயாளியை உட்கார வைத்த நிலையில் வடிவத்தைப் பார்க்கச் சத்திரசிகிச்சை வைத்தியருக்கு முடியும். அது வழக்கமாகவே செய்யப்படுகிறது.

விறைப்பூசியில் செலவு குறையும் என்பது உண்மை. மயக்க மருந்து வைத்தியருக்கான கட்டணம், முழு வசதியுள்ள சத்திரசிகிச்சைக் கூடம், ஓரிரவு வாட்டில் தங்குதல் ஆகிய மூன்றையும் எடுத்துவிட்டால் எந்தப் பட்டியலும் மலிவாகத்தான் தெரியும். எடுக்கப்பட்டது எது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பெண்கள் விறைப்பூசியைத் தேடுவதற்குச் செலவைவிட வலிய காரணம் ஒன்று உண்டு. நம்மவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. வீட்டுக்குத் தெரியாமல் காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம் என்ற எண்ணம் அது. உங்கள் தாயாருக்குத் தெரிந்திருப்பது நல்லது. எந்த முறையாயினும், அரை மயக்கமோ முழு மயக்கமோ பெற்றவருடன் முதல் 24 மணித்தியாலம் பொறுப்பான ஒருவர் இருக்க வேண்டும். தவிர, இரண்டாம் நாள் நள்ளிரவில் ஒரு பக்கம் வீங்கி இறுகித் திருகோணமலை பொது வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உங்களைக் கொண்டுபோனால், என்ன செய்யப்பட்டது என்று அங்குள்ள வைத்தியரிடம் சொல்ல ஒருவர் வேண்டும். ஒளிப்பவர்கள் "விழுந்துவிட்டேன்" என்று சொல்லி நேரத்தை வீணாக்குவதைக் கண்டிருக்கிறேன். வெளியேறும்போது நோய் நிர்ணய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். பையின் வகையும் அளவும், கொடுத்த மயக்க மருந்துகளும், விறைப்பு மருந்தின் மொத்த மில்லிகிராமும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இவற்றைக் கேளுங்கள். தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டமாகும். அந்நிலையம் அதன் கீழ் நடப்பு ஆண்டுக்குப் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா? சத்திரசிகிச்சை செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணராகப் பதிவானவரா, அல்லது அழகுச் சிகிச்சைக் குறுகிய கால வகுப்புக்குப் போனவரா? மயக்க மருந்து கொடுப்பவரின் பெயர் என்ன, அவரைச் சத்திரசிகிச்சைக்கு முன் ஒரு நாள் சந்திக்க முடியுமா? வெட்டுபவரே மயக்கத்தையும் பார்த்துக்கொள்வார் என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வெளிவிடும் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டை அளக்கும் கருவி இருக்கிறதா? விரலில் மாட்டும் ஒட்சிசன் அளவி மட்டும் போதாது. ஒட்சிசன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்று சில நிமிடங்கள் கழித்தே அதன் எண் இறங்கத் தொடங்கும். கொழுப்புக் குழம்பு இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு எரிச்சலோ சிரிப்போ பதிலாக வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

திருகோணமலையிலேயே முடித்துக்கொண்டு போகக்கூடிய ஆயத்தங்கள் உண்டு. இரத்தப் பரிசோதனைகளை இங்கேயே செய்யலாம். குருதிச்சோகை இருந்தால் இரும்புச் சத்து ஏற அவகாசம் வேண்டும் என்பதால் முன்கூட்டியே பாருங்கள். முட்டு வருத்தத்துக்குப் போகும் கிளினிக்கில் ஒருமுறை காட்டி, மருந்துகளைச் சீர்செய்து, கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். சிசேரியனின்போது தந்த அட்டையும் தேவை. கடைசியாகப் பாலூட்டி நிறுத்தி மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும். பல நிபுணர்கள் ஆறு மாதம் கேட்பார்கள். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர் கொல்லிகள் ஈரலில் லிக்னோகெயின் சிதைவதைத் தாமதப்படுத்தும். அஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, சில நாட்டு மருந்துகள் இரத்தக் கசிவைக் கூட்டும். எதையும் நீங்களாக நிறுத்தாமல், அனைத்தையும் எழுதிக் காட்டுங்கள்.

மார்பகத்தினுள் இரத்தம் தேங்கிக் கட்டியாவது பெரும்பாலும் முதல் 24 மணித்தியாலத்தில் நிகழ்வது. அப்படியானால் மறுபடி கூடத்துக்குக் கொண்டுபோய்த் திறக்க வேண்டி வரும். ஆகவே முதல் இரவு வைத்தியசாலையிலும், அடுத்த இரண்டு மூன்று நாட்கள் கொழும்பில் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கி, கட்டைப் பிரித்துப் பார்த்த பின்னர் திரும்புங்கள். வாகனத்தில் வந்தால் குருணாகலிலும் தம்புள்ளையிலும் இறங்கிச் சிறிது நடக்க வேண்டும், காலில் இரத்தம் உறையாமல் இருக்க. இரவு ரயிலில் வருவதானால் பயணப் பையைத் தூக்கித் தட்டில் வைக்கும் வேலையை உடன் வருபவருக்கு விட்டுவிடுங்கள்.

அரை மயக்கமாயினும் முழு மயக்கமாயினும் வெறும் வயிற்றில் இருப்பது கட்டாயம். "விறைப்பூசிதானே, சாப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்று சொல்லி, தூங்க வைக்கும் மருந்தையும் ஏற்றுகிற இடத்தை நம்ப வேண்டாம். திட உணவுக்கு ஆறு மணித்தியாலம், எண்ணெய் கூடிய சாப்பாட்டுக்கு எட்டு மணித்தியாலம் இடைவெளி வேண்டும். காலை எட்டு மணிக்குச் சத்திரசிகிச்சை என்றால் முந்தைய நாள் இரவுச் சாப்பாட்டை நேரத்தோடு முடித்துவிடுங்கள். பால் திட உணவாகவே கணக்கிடப்படும். ஆகவே அதிகாலைப் பால் தேநீர் கூடாது. பால் சேர்க்காத தேநீரோ வெறும் தண்ணீரோ காலை ஆறு மணி வரை அருந்தலாம். எடை குறைப்பதற்காக வாராந்த ஊசி போடுபவராயின் வயிறு காலியாவது தாமதமாகும் என்பதால் அதை மயக்க மருந்து வைத்தியரிடம் பல நாட்களுக்கு முன்பே சொல்ல வேண்டும். இன்ஹேலரை மட்டும் அன்று காலையும் வழக்கம்போல் இழுத்துவிட்டு, கையோடு கூடத்து வாசல் வரை கொண்டுபோய்த் தாதியிடம் கொடுங்கள்.